ஜப்பானில் நீண்டகாலம் குடியிருக்க: 14 நாள் பதிவிலிருந்து நிரந்தர வசிப்புரிமை வரை

ஜப்பானிய அலுவலகங்கள் பெரும்பாலும் அமைதியானவை. ஒரு தேதியைத் தவறவிட்டால் உடனே யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். ஒரு கடிதம் வரும், இன்னொன்று வரும், பிறகு எல்லாம் அடங்கிவிட்டதுபோல் தோன்றும். ஐந்தாறு ஆண்டு கழித்து நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அந்தத் தாமதம் மறுபடி மேசைக்கு வரும். மொழி தெரியாததால் வரும் சிக்கலைவிட, தேதிகளையும் ரசீதுகளையும் கைவிட்டதால் வரும் சிக்கலே அங்கே நெடுநாள் இருப்பவர்களை அதிகம் வாட்டுகிறது. வேலை விசாவில் இருப்போரையும் அவர்கள் குடும்பத்தையும் மனதில் வைத்து எழுதியது இது.

முதல் 14 நாள்

நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கினால் ஜைர்யூ கார்டு எனப்படும் வசிப்பு அட்டை அங்கேயே கையில் கிடைக்கும். அதில் முகவரிக் கட்டம் காலியாக இருக்கும். வீடு அமைந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் அந்தப் பகுதியின் குயக்குஷோ அல்லது ஷியக்குஷோவுக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். பெரிய நகரங்களில் இது வட்டார அலுவலகம், மற்ற இடங்களில் நகராட்சி அலுவலகம். குடும்பத்தில் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் ஜைர்யூ கார்டும் கையில் இருக்கட்டும்.

பலர் மறப்பது உறவுச் சான்று. திருமணச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் ஜப்பானிய மொழிபெயர்ப்போடு காட்டாவிட்டால், குடியிருப்புப் பதிவேடான ஜூமின்ஹியோவில் மனைவியை 'மனைவி' என்று எழுதாமல், 'உறவினர்' என்ற பொருள்படும் 'என்கோஷா' என்று எழுதிவிடுவார்கள். பிறகு விசா, காப்பீடு, வரி எல்லா இடத்திலும் அந்தச் சொல் கேள்வி கிளப்பும். ஊரிலிருந்து கிளம்பும்போதே சான்றிதழ்களுக்கு, அவை வெளிநாட்டில் செல்லுபடியாக உதவும் அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிடுங்கள். மொழிபெயர்ப்பை நீங்களே செய்து, மொழிபெயர்த்தவர் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்திட்டால் பெரும்பாலும் போதும்.

அதே நாளில் முடிக்க வேண்டிய மற்றவை: கம்பெனிக் காப்பீடு இல்லாவிட்டால் தேசிய உடல்நலக் காப்பீட்டில் சேர்வது, ஓய்வூதியத்தில் சேர்வது, பிள்ளை இருந்தால் குழந்தை உதவித்தொகைக்கு எழுதிக்கொடுப்பது. வங்கி, வீடு, செல்பேசி என்று கேட்பார்கள் என்பதால் ஜூமின்ஹியோ இரண்டு மூன்று பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கொன்றாக அரசு தரும் 12 இலக்க அடையாள எண்ணான 'மை நம்பர்' தபாலில் வரும். அதற்கான அட்டையைத் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். 2024 டிசம்பர் 2-க்குப் பிறகு பழைய காப்பீட்டு அட்டைகள் புதிதாகக் கொடுக்கப்படுவதில்லை. மருத்துவமனையில் இப்போது பெரும்பாலும் நீட்டுவது மை நம்பர் அட்டையைத்தான்.

16 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஜைர்யூ கார்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். காவலர் கேட்கும்போது கையில் இல்லையென்றால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வீடு மாறினாலும் அதே 14 நாள்தான். 90 நாள் தாண்டியும் முகவரி பதியாமல் இருப்பது வசிப்பு அனுமதியையே ரத்து செய்யக் காரணமாகலாம்.

பெயர்: தமிழருக்கே உரிய சிக்கல்

ஜப்பானியப் படிவம் எதுவானாலும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கிறதோ, ஜைர்யூ கார்டில் அதே வரிசையில்தான் ஆங்கில எழுத்தில் வரும். விளைவு: அலுவலகத்தில் உங்களை அப்பா பெயரால் அழைப்பார்கள், மனைவிக்கு அவருடைய அப்பா பெயர், பிள்ளைக்கு உங்கள் பெயர். ஒரே வீட்டில் மூன்று 'குடும்பப் பெயர்' இருந்தால் இவர்கள் ஒரு குடும்பம்தானா என்று எழுத்தர் தயங்குவது இயல்பு. உறவுச் சான்றுகளைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இதுவே.

அடுத்தது வெளிநாட்டுப் பெயர்களை ஜப்பானியத்தில் எழுதும் கட்டகானா எழுத்து. அதில் லகர, ளகர, ழகர, ரகரம் எல்லாம் ஒன்றுதான், னகர ஒலியைத் தவிர வேறு மெய்யெழுத்தில் பெயர் முடியவும் முடியாது. தமிழ்ச்செல்வி என்பது 'தமிருசெருவி' ஆகும், செந்தில் 'செந்திரு' ஆகும். 'வி' என்ற ஒலிக்கே இரண்டு வகை எழுத்து உண்டு: வகரத்துக்கென்று உருவாக்கியது ஒன்று, பகரத்தையே பயன்படுத்துவது இன்னொன்று. வங்கியில் ஒருவிதம், கம்பெனியில் வேறுவிதம் கொடுத்துவிட்டால் சம்பளப் பணம் கணக்கில் ஏறாமல் திரும்பிவிடும், ஏனென்றால் வங்கிப் பரிமாற்றம் கட்டகானாப் பெயரை வைத்தே ஒத்துப்பார்க்கிறது.

ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு முடிவுக்கு வாருங்கள். எந்த எழுத்து, எந்த வரிசை, இடையில் இடைவெளி உண்டா என்று ஒரு தாளில் எழுதி, செல்பேசியிலும் படமெடுத்து வைத்து, எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். குயக்குஷோவில் ஜூமின்ஹியோவின் குறிப்புக் கட்டத்தில் கட்டகானாப் பெயரையும் பதியச் சொல்லலாம். கட்டகானாவில் முத்திரை செய்து அதை 'ஜிட்சுயின்' எனும் பதிவு முத்திரையாக்க நினைத்தால், இந்தக் குறிப்பு இல்லாமல் பதிய மாட்டார்கள். முத்திரையின் அளவும் 8 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 25 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். அன்றாட வாழ்வுக்குக் கையெழுத்தே பெரும்பாலும் போதும். வீடு, கார் வாங்கும்போதுதான் ஜிட்சுயின் தேவைப்படும்.

வங்கியைப் பற்றி ஒன்றே ஒன்று. விசா நீட்டித்துப் புதிய கார்டு வந்ததும் வங்கிக்கு அதன் தேதியைத் தெரிவியுங்கள். பழைய கார்டின் தேதி கடந்துவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள், வாடகையும் மின்கட்டணமும் பிடிபடாமல் நிற்கும். மை நம்பர் அட்டையும் அப்படியே. விசா தேதியோடு அதுவும் காலாவதியாகும். விசாவை நீட்டித்தால் அது தானாக நீளாது. தேதி முடிவதற்குள் குயக்குஷோவுக்குக் கொண்டுபோய் நீட்ட வேண்டும், தவறினால் புது அட்டைக்கு மறுபடி விண்ணப்பம்.

வாடகை வீடு

முதல் மாதச் செலவு பலரைத் திகைக்க வைக்கும். முன்பணமான 'ஷிகிகின்' ஒரு மாத வாடகை, வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத அன்பளிப்பான 'ரெய்கின்' ஒரு மாதம், தரகு அதிகபட்சம் ஒரு மாதமும் அதற்கான வரியும், வாடகைக்கு ஜாமீன் நிற்கும் உத்தரவாத நிறுவனத்துக்கு அரை மாதம் முதல் ஒரு மாதம் வரை, தீக்காப்பீடு, பூட்டு மாற்றும் கட்டணம், முதல் மாத வாடகை. எல்லாம் சேர்த்தால் நான்கு முதல் ஆறு மாத வாடகை ஆகிவிடும். ஷிகிகினும் ரெய்கினும் வீட்டுக்கு வீடு மாறும், இரண்டும் இல்லாத வீடுகளும் உண்டு. ஒப்பந்தம் வழக்கமாக இரண்டு ஆண்டு. தோக்கியோ வட்டாரத்தில் புதுப்பிக்கும்போது இன்னொரு மாத வாடகை கேட்பது வழக்கம்.

இவற்றில் பாதியைத் தவிர்க்க ஒரு வழி யூஆர் குடியிருப்புகள். அரசு சார்ந்த நிறுவனம் நடத்தும் இவற்றில் ரெய்கின் இல்லை, தரகு இல்லை, உத்தரவாதம் தேவையில்லை, புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை. வெளிநாட்டவர் என்பதற்காக மறுப்பதும் கிடையாது. வருமான நிபந்தனை மட்டும் உண்டு. குடும்பமாகக் குடிபோவோருக்கு, வாடகை 82,500 யென்னுக்கும் 2 லட்சத்துக்கும் இடையில் என்றால் மாத வருமானம் 3,30,000 யென் இருக்க வேண்டும். எதொகாவா வட்டாரத்தின் நிஷிகசாயில் இந்தியர்கள் பெருகியதற்கு இத்தகைய குடியிருப்புகளும் ஒரு காரணம். வயதான கட்டடங்கள் என்றாலும் குடும்பத்துக்கு ஏற்றவை.

வீடு பார்க்கும்போது கட்டிய ஆண்டைக் கேளுங்கள். 1981 ஜூன் மாதத்துக்குப் பிறகு கட்டட அனுமதி பெற்றவை புதிய நிலநடுக்க விதிப்படி கட்டப்பட்டவை. மரவீடு என்றால் 2000-க்குப் பிந்தையதைத் தேடுவது நல்லது. வாடகை பத்தாயிரம் யென் குறைகிறதே என்று இதில் சமரசம் செய்யாதீர்கள்.

சாவி வாங்கிய அன்றே, பெட்டியை உள்ளே வைப்பதற்கு முன், சுவர், தரை, சமையலறை, குளியலறை எல்லாவற்றையும் தேதியோடு படமெடுங்கள். காலி செய்யும்போது 'கென்ஜோ கைஃபுகு', அதாவது பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்ற பெயரில் முன்பணத்திலிருந்து பிடிப்பார்கள். நிலம், உள்கட்டமைப்பு அமைச்சகத்தின் வழிகாட்டுதல்படி சாதாரணமாக வாழ்ந்ததால் வரும் தேய்மானம் வீட்டுக்காரர் பொறுப்பு. சுவர்த்தாளின் மதிப்பு ஆறு ஆண்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடுவதாகக் கணக்கு. ஏழு ஆண்டு இருந்துவிட்டுக் காலி செய்பவரிடம் புதுச் சுவர்த்தாளின் முழு விலையைக் கேட்டால் இந்த வழிகாட்டுதலைக் காட்டி மறுத்துப் பேசலாம். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும் குடியிருந்தவர் பொறுப்பாகவே பார்க்கப்படும். அடுப்புக்குப் பின்னால் ஒட்டும் அலுமினியத் தகடும், காற்றுப்போக்கிக்கு மாட்டும் வடிகட்டித் துணியும் நூறு யென் கடையிலேயே கிடைக்கும். முதல் நாளே மாட்டிவிடுங்கள்.

நம் சமையலறை, அவர்கள் மின்சாரம்

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். தோக்கியோ உள்ளிட்ட கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா உள்ளிட்ட மேற்கில் 60 ஹெர்ட்ஸ். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியை நேராகச் செருகினால் எரியாது, ஆனால் சட்னியும் அரைபடாது. மோட்டார் முனகிக்கொண்டு சுற்றும். 100-ஐ 230 ஆக்கும் மின்மாற்றி வேண்டும். 750 வாட் மிக்ஸிக்கு 1,500 வாட் மின்மாற்றி வாங்குங்கள், ஏனென்றால் மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரம் மிக அதிகம். மாவரைக்கும் கிரைண்டரில் இன்னொரு சங்கதி உண்டு. அதன் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. ஒசாகாவில் அது ஊரில் ஓடுவதைவிட ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும், மாவு சூடாகும். நிறுத்தி நிறுத்தி அரைக்க வேண்டும். அமெரிக்காவுக்கென்று செய்யும் 110 வோல்ட் மாடலை வாங்கினால் மின்மாற்றியே வேண்டாம், வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

ஒரு சுவர்ச் செருகியில் 1,500 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. மிக்ஸி, மைக்ரோவேவ், சோறு வடிக்கும் குக்கர் மூன்றையும் ஒன்றாக ஓட்டினால் பிரேக்கர் விழுந்துவிடும். வீட்டில் ஐஹெச் எனப்படும் இண்டக்ஷன் அடுப்பு என்றால் அலுமினியப் பாத்திரம் பெரும்பாலானவற்றில் சூடேறாது. அடிப்பாகம் எஃகில் செய்த குக்கர் வேண்டும். எரிவாயு அடுப்பு வாங்குமுன் வீட்டுக்கு வருவது நகர எரிவாயுவா சிலிண்டர் எரிவாயுவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்கான அடுப்பை மற்றொன்றில் பொருத்துவது தீ விபத்துக்கு வழி. எரிவாயு இணைப்பைத் திறக்க ஆள் வரும்போது நீங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதால், குடிபோகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

மரவீடுகளில் சத்தம் நன்றாகக் கடக்கும். இரவு 9 மணிக்கு மேல் மிக்ஸியும் சலவை இயந்திரமும் வேண்டாம். பொரித்த எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றக்கூடாது. கடையில் கிடைக்கும் உறையவைக்கும் தூளைச் சூடான எண்ணெயில் கலந்தால் ஆறியதும் அடைபோல் எடுத்துக் குப்பையில் போடலாம். பழைய செய்தித்தாளில் ஊறவைத்தும் போடலாம்.

சைவம் உண்பவர்கள் கவனிக்க வேண்டியது, பெரும்பாலும் மீனில் எடுக்கும் சாறான 'தாஷி'. காய்கறிக் குழம்பு, நூடுல்ஸ் சாறு, சோயா சாஸ் கலவை, உருளைக்கிழங்கு வறுவல்கூட மீன் சாறு அல்லது இறைச்சிச் சாறு சேர்ந்ததாக இருக்கலாம். பொட்டலத்தின் பின்பக்கம் பன்றி, மாடு, கோழி, மீன் ஆகிய நான்குக்கான சித்திர எழுத்துகளையும், 'கட்சுவோ' (ஒரு வகை மீன்), 'எக்கிசு' (சாறு), 'ஸெராச்சின்' (ஜெலட்டின்), 'ராடோ' (பன்றிக் கொழுப்பு) ஆகிய கட்டகானாச் சொற்களையும் அடையாளம் காணக் கற்றுக்கொண்டால் கடையில் பாதிச் சிரமம் தீரும். மசாலாவும் பருப்பும் நிஷிகசாய், ஷின்ஓக்குபோ, கோபே போன்ற இடங்களில் தாராளமாகக் கிடைக்கும். ஊரிலிருந்து இறைச்சி வகைகளோ, சான்றிதழ் இல்லாத பச்சைக் கறிவேப்பிலையோ, பழமோ பெட்டியில் கொண்டுவராதீர்கள். பறிமுதலோடு முடியாமல், 3 ஆண்டு வரை சிறை அல்லது 30 லட்சம் யென் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. மாத்திரைகளும் அப்படியே. மருத்துவர் எழுதிக்கொடுத்தவை ஒரு மாதத்துக்கானது வரை, கடையில் வாங்கியவை இரண்டு மாதத்துக்கானது வரை. அதற்கு மேல் முன்அனுமதி வேண்டும். சூடோஎபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்கு அனுமதியே இல்லை.

குப்பையும் அண்டை வீடும்

அக்கம்பக்கத்தில் ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தின் பெயர் நிலைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் குப்பை மேடையில்தான். ஊருக்கு ஊர் விதி வேறு. குயக்குஷோவில் கொடுக்கும் அட்டவணையைக் குளிர்பெட்டியில் ஒட்டிவிடுங்கள். எரியும் குப்பை வாரம் இரண்டு நாள் என்பது பொதுவானது, காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும். முந்தின இரவே வைத்தால் காகம் கிழித்துப் பரப்பும். சில நகரங்களில் அவர்கள் விற்கும் பையில் போட்டால்தான் எடுப்பார்கள். பெட் எனப்படும் பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியையும் மேல்தாளையும் கழற்றி, அலசி, நசுக்க வேண்டும். தவறாகப் போட்ட பையில் ஒரு ஒட்டுத்தாள் ஒட்டி அங்கேயே விட்டுப்போவார்கள். அதை உள்ளே எடுத்து வந்து பிரித்து அடுத்த வாரம் வையுங்கள். பார்த்தும் விட்டுவிட்டால் அதைக் கூட்டுவது பக்கத்து வீட்டுப் பாட்டியாக இருக்கும்.

மெத்தை, மேசை போன்றவற்றுக்கு முன்பதிவு செய்து, கடையில் ஒட்டுச்சீட்டு வாங்கி ஒட்டி, குறித்த நாளில் வைக்க வேண்டும். தொலைக்காட்சி, ஏசி, குளிர்பெட்டி, சலவை இயந்திரம் ஆகிய நான்கையும் நகராட்சி எடுக்காது. அவற்றுக்கு 2001 முதல் தனிச் சட்டம், மறுசுழற்சிக் கட்டணம் கட்டிக் கடை வழியாகவே அனுப்ப வேண்டும். ஊருக்குத் திரும்பும் மாதத்தில் இந்த நான்கும் பெரும் தலைவலி. ஆறு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். செல்பேசி பேட்டரியை எரியும் குப்பையில் போட்டால் குப்பை வண்டியே தீப்பிடிக்கும்.

குடிபோன வாரத்தில் இருபக்க வீட்டுக்கும் மேல்கீழ் வீட்டுக்கும் 500 முதல் 1,000 யென் மதிப்பில் துண்டோ இனிப்போ கொடுத்து வணங்கிவிட்டு வருவது பழைய வழக்கம். நகரங்களில் குறைந்துவிட்டாலும், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது மிகவும் பயன்படும். 'குழந்தை சத்தம் போடும், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று முன்கூட்டியே சொன்ன வீட்டின்மேல் புகார் வருவது அரிது. தெருச் சங்கமான 'சோனாய்காய்' மாதச் சந்தா சிறு தொகைதான். குப்பை மேடையைக் கூட்டும் முறையும் நிலநடுக்கப் பயிற்சியும் அதன் வழியாகவே நடப்பதால் சேர்ந்துவிடுங்கள்.

நிலநடுக்கத்துக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் தண்ணீர், குறைந்தது 3 நாளுக்கு, முடிந்தால் ஒரு வாரத்துக்கு. அலமாரிகளைச் சுவரோடு பிணையுங்கள். நில அதிர்வை அளக்கும் ஜப்பானிய அளவான 'ஷிந்தோ'வில் 5 அளவு அதிர்ந்தால் எரிவாயு மீட்டர் தானே நின்றுவிடும். பழுதென்று பயப்பட வேண்டாம். எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு மீட்டரில் உள்ள பொத்தானை அழுத்தி, 3 நிமிடம் காத்திருந்தால் திரும்ப வரும். வாயு வாடை அடித்தால் மட்டும் தொடாதீர்கள். காவல் 110, தீயணைப்பும் ஆம்புலன்ஸும் 119, பேரிடரில் குடும்பத்துக்குச் செய்தி வைக்க 171.

காப்பீடும் ஓய்வூதியமும்: வேலை மாறும்போது விழும் ஓட்டை

மருத்துவச் செலவில் நீங்கள் கட்டுவது 30 விழுக்காடு, பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைக்கு 20 விழுக்காடு. பல நகரங்கள் பிள்ளைகளின் பங்கையும் தாமே ஏற்கின்றன. பெரிய அறுவை சிகிச்சை என்றால் வருமானத்துக்கேற்ற மாத உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் கட்ட வேண்டியதில்லை. பிரசவத்துக்கு 5 லட்சம் யென் காப்பீட்டிலிருந்து வரும்.

20 வயது முதல் 59 வரை ஜப்பானில் குடியிருக்கும் எவருக்கும் ஓய்வூதியம் கட்டாயம். கம்பெனியில் இருந்தால் சம்பளத்தில் 18.3 விழுக்காடு, அதில் பாதியைக் கம்பெனி கட்டும். இதில் சிக்கல் எப்போது வருகிறது என்றால் வேலை மாறும்போது. கம்பெனிக் காப்பீடு மாதக் கணக்கில் ஓடுகிறது. ஜூன் 30-ஆம் தேதி விலகினால் ஜூன் மாதம் பழைய கம்பெனியின் கணக்கில் சேரும். ஜூன் 29-ஆம் தேதி விலகினால் ஜூன் மாதமே கணக்கில் இல்லை. அந்த மாதத்துக்குள் புது வேலை சேராவிட்டால், நீங்களே 14 நாளுக்குள் குயக்குஷோவுக்குப் போய், பழைய காப்பீடு முடிந்த சான்றிதழைக் காட்டி, தேசியக் காப்பீட்டிலும் தேசிய ஓய்வூதியத்திலும் சேர்ந்து கட்ட வேண்டும். 2025 நிதியாண்டில் தேசிய ஓய்வூதியக் கட்டணம் மாதம் 17,510 யென். ஒரு நாள் வித்தியாசத்தில் இவ்வளவும். விலகல் கடிதத்தில் தேதி எழுதும்போது மாதத்தின் கடைசி நாளையே எழுதுங்கள்.

கணவரின் காப்பீட்டில் சார்ந்திருக்கும் மனைவிக்குத் தனிக் கட்டணம் இல்லை. கணவர் வேலையை விட்டால் அந்தச் சலுகையும் அன்றோடு நின்றுவிடும். மனைவியின் பெயரிலும் தேசிய ஓய்வூதியம் கட்ட வேண்டும். பலர் கணவருக்கு மட்டும் கட்டிவிட்டு மனைவியின் மாதத்தை விட்டுவிடுகிறார்கள், பிறகு குடும்பத்தின் நிரந்தர விண்ணப்பத்தில் அது ஓட்டையாகத் தெரிகிறது.

தேசிய ஓய்வூதியத்தைக் கட்ட வேண்டிய கடைசி நாள் அடுத்த மாதக் கடைசி. வங்கியிலிருந்து தானாகப் பிடிக்கச் செய்வதே சிறந்தது. கடையில் கட்டினால் தேதி முத்திரையுள்ள துண்டுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். செல்பேசிச் செயலியில் கட்டினால் அந்தச் சீட்டு கிடைக்காது, பிறகு உரிய நாளில் கட்டியதை நிரூபிப்பது சிரமம்.

வேலை மாறியதைக் குடிவரவு அலுவலகத்துக்கும் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், விலகியதற்கு ஒன்று, சேர்ந்ததற்கு ஒன்று. இணையத்திலேயே முடியும், பத்து நிமிட வேலை. சார்ந்திருப்போர் விசாவில் இருக்கும் மனைவியோ கணவரோ வேலைக்குப் போக முன்அனுமதி வேண்டும், வாரம் 28 மணி நேரம்தான். இரண்டு கடையில் பிரித்து வேலை செய்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

10 ஆண்டுக்குள் ஊர் திரும்புவோர் கட்டிய ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். குறைந்தது 6 மாதம் கட்டியிருக்க வேண்டும், ஜப்பானை விட்டு 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதிகபட்சம் 60 மாதத்துக்கே கணக்கு என்று 2021 ஏப்ரலில் விதித்தார்கள். கம்பெனி ஓய்வூதியத் தொகையில் 20.42 விழுக்காடு வரி பிடிப்பார்கள். கிளம்புமுன் ஜப்பானில் ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமித்தால் அதையும் திரும்பக் கேட்கலாம். அவசரப்படாமல் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இரு நாட்டிலும் கட்டிய காலத்தைக் கூட்டி, ஓய்வூதியம் பெறத் தேவையான 10 ஆண்டு தகுதி காட்டலாம். பணத்தை எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் அழிந்துபோகும்.

வரி

வந்த முதல் ஆண்டில் கையில் வரும் சம்பளம் தாராளமாக இருக்கும். அதை நம்பிச் செலவைக் கூட்டாதீர்கள். குடியிருப்பு வரியான 'ஜூமின்ஸெய்' முந்தைய ஆண்டு வருமானத்தில் ஏறக்குறைய 10 விழுக்காடு. ஜனவரி 1 அன்று எந்த ஊரில் பதிவு இருந்ததோ அந்த ஊருக்கு, ஜூன் முதல் அடுத்த மே வரை கட்டுவது. இரண்டாம் ஆண்டு ஜூனில் திடீரென்று சம்பளம் குறைவது இதனால்தான். ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வேலையை விட்டால் மே வரை உள்ள பாக்கியைக் கடைசிச் சம்பளத்தில் ஒட்டுமொத்தமாகப் பிடிப்பார்கள்.

ஊரில் இருக்கும் பெற்றோரைச் சார்ந்தவர்களாகக் காட்டி வரிச்சலுகை பெறலாம். 2023 முதல் விதி இறுகிவிட்டது. 30 முதல் 69 வயது வரையுள்ளவர் என்றால், மாணவர், மாற்றுத்திறனாளி தவிர, அந்த ஆண்டில் அவர் ஒருவருக்கு மட்டும் 3,80,000 யென் அனுப்பியிருக்க வேண்டும். 70 தாண்டியவருக்கு இந்தத் தொகை வரம்பு இல்லை, ஆனால் பணம் அனுப்பிய சான்று வேண்டும். அதிகம் நடக்கும் தவறு: அப்பாவின் கணக்குக்கு மொத்தமாக அனுப்பிவிட்டு அம்மாவையும் எழுதுவது. அனுப்பிய சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே செல்லும். அம்மா பெயரில் தனிக் கணக்கு தொடங்கித் தனியாக அனுப்புங்கள்.

இன்னொன்று ஐந்தாண்டுக் கோடு. கடந்த 10 ஆண்டில் ஜப்பானில் இருந்த காலம் 5 ஆண்டைத் தாண்டிவிட்டால், சென்னையில் விட்ட வீட்டின் வாடகை, ஊர் வங்கியின் வைப்பு வட்டி எல்லாம் ஜப்பானில் கணக்குக் காட்ட வேண்டிய வருமானம். அதுவரை ஜப்பானுக்குக் கொண்டுவராத வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. பிப்ரவரி 16 முதல் மார்ச் 15 வரை நடக்கும் ஆண்டு வரிக் கணக்குத் தாக்கலான 'ககுதெய் ஷின்கோகு'வில் இதைத் தாக்கல் செய்யலாம், இந்தியாவில் கட்டிய வரிக்குக் கழிவும் கேட்கலாம்.

குழந்தை பிறந்தால்

ஜப்பானில் பிறந்ததால் குடியுரிமை வராது. 14 நாளுக்குள் குயக்குஷோவில் பிறப்புப் பதிவு, 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் குழந்தைக்கு வசிப்பு அனுமதி விண்ணப்பம், பிறகு தூதரகத்தில் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் வரும்வரை காத்திருந்து 30 நாளைத் தவறவிடாதீர்கள், அது இல்லாமலும் விண்ணப்பம் ஏற்பார்கள். பிறந்த 15 நாளுக்குள் குழந்தை உதவித்தொகைக்கு எழுதிக்கொடுங்கள். 2024 அக்டோபர் முதல் வருமான வரம்பு இல்லை. 3 வயதுக்குள் மாதம் 15,000 யென், அதன்பின் உயர்நிலைப் பள்ளி வயது வரை 10,000, மூன்றாவது பிள்ளைக்கு 30,000. தாமதித்த மாதத்தின் பணம் திரும்ப வராது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் கட்டணமில்லாமல் இடம் உண்டு, பெற்றோர்தான் கேட்டுப் பெற வேண்டும்.

விசா நீட்டிப்பும் நிரந்தர வசிப்புரிமையும்

நீட்டிப்புக்கு 3 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2025 ஏப்ரலில் அலுவலகத்தில் 6,000 யென், இணையத்தில் 5,500 என்று உயர்ந்தது. கட்டணங்கள் மாறக்கூடியவை, போகுமுன் ஒருமுறை பாருங்கள். தேதி முடியுமுன் விண்ணப்பித்திருந்தால் முடிவு வரும்வரை, அதிகபட்சம் 2 மாதம், சட்டப்படி இருக்கலாம்.

நிரந்தர வசிப்புரிமையான 'எய்ஜூ'வுக்குப் பொது விதி, தொடர்ந்து 10 ஆண்டு, அதில் 5 ஆண்டு வேலை விசாவில். படிப்பு, அனுபவம், சம்பளம், வயது போன்றவற்றுக்குப் புள்ளி தரும் உயர்திறன் புள்ளிக் கணக்கில் 70 எடுத்தவருக்கு 3 ஆண்டு, 80 எடுத்தவருக்கு 1 ஆண்டு போதும். வேலை விசாவில் இருப்போரிடம் 5 ஆண்டுக் குடியிருப்பு வரிச் சான்றும், 2 ஆண்டு ஓய்வூதிய, காப்பீட்டுச் சான்றும் கேட்பார்கள். முழுவதும் கட்டினீர்களா என்பதோடு, உரிய நாளுக்குள் கட்டினீர்களா என்றும் பார்ப்பார்கள். தாமதமாகக் கட்டிய ஒரு மாதம் இருந்தால், அது 2 ஆண்டு பின்னுக்குப் போகும்வரை பொறுத்துவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது. சார்ந்தவர்களாகப் பல உறவினரை எழுதி வரியைக் குறைத்திருந்தால், ஒவ்வொருவருக்கும் பணம் அனுப்பிய சான்று இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள்.

எய்ஜூ விண்ணப்பம் நிலுவையில் இருப்பது விசாவை நீட்டாது. இடையில் தேதி வந்தால் தனியாக நீட்டிப்பு விண்ணப்பம் போடுங்கள்.

எய்ஜூ கிடைத்த பிறகும் கார்டை அதில் உள்ள தேதி முடியுமுன் மாற்ற வேண்டும். ஊருக்குக் கிளம்பும்போது விமான நிலையப் படிவத்தில் 'மீண்டும் வருவேன்' என்ற கட்டத்தில் குறியிட மறக்காதீர்கள். அந்தக் குறி ஓராண்டுக்கு மட்டும் செல்லும், வெளிநாட்டிலிருந்து அதை நீட்டவே முடியாது. ஓராண்டு கடந்தால் எய்ஜூ உட்பட எல்லாம் போய்விடும். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள எத்தனை மாதம் ஆகும் என்று தெரியாமல் கிளம்புபவர்கள், புறப்படுமுன் குடிவரவு அலுவலகத்தில் 5 ஆண்டு வரை செல்லும் மறுநுழைவு அனுமதியை வாங்கிக்கொண்டு போங்கள். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அதை இந்தியாவிலுள்ள ஜப்பானியத் தூதரகத்திலேயே இன்னும் ஓராண்டு நீட்டிக்கலாம்.